இடது பக்கத்து ஸ்டியரிங் கை

ஒரு இரும்புத் துண்டு உடையுமா உடையாதா என்பதை அதை உடைத்துப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் வைத்து மோரக் டல்லக் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவளும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. பெட்ரோல் அடித்துக்கொண்டே, ஆற்றுப் பக்கம் பார்த்தபடி கேட்டாள். அவளுடைய பழைய காரின் பக்கத்து சீட்டில் ஏதோ ஒன்று துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அது என்ன என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. தெரிந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

மோரக் பதினாறு வயதில் பள்ளியை விட்டு, மறு வாரமே ஆற்றங்கரை இறைச்சி ஆலையில் சேர்ந்தவள். அங்கே தலைக்கு மேலே ஓடும் சங்கிலியில் ஆடுகள் தலைகீழாகத் தொங்கியபடி வரும். ஒவ்வொன்றும் முன்னால் வந்து நகர்வதற்குள் கத்தி தன் வேலையை முடித்தாக வேண்டும். சங்கிலி யாருக்காகவும் நிற்காது. வாழ்க்கை முழுக்க அதே இடத்தில் நின்றதில் அவளுடைய மணிக்கட்டுகள் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. கணவன் என்று ஒருவன் இருந்தான். சுரங்க வேலைக்கென்று ஆஸ்திரேலியாவுக்குப் போனவன் அங்கேயே வேறு ஒருத்தியோடு தங்கிவிட்டான். "போனது போகட்டும், கருவிப் பெட்டிய விட்டுட்டுப் போனான், நல்ல மனுஷன்" என்பாள்.

அவன் போன பிறகு தம்பி இன்னஸ் வந்து அவளோடு தங்கினான். இன்னஸ் பக்கத்து நகரமான இன்வர்கார்கிலில் ஒரு முலாம் பட்டறையில் பல வருடம் குரோம் போட்டவன். இரும்பை அமிலத்தில் கழுவி, தொட்டியில் தொங்கவிட்டு, மின்சாரம் பாய்ச்சி, கண்ணாடி போல மின்ன வைத்து எடுப்பான். நாட்டின் தெற்குப் பகுதி முழுக்க பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு அவன் பெயர் தெரியும். குரோம் தொட்டியின் ஆவி பட்டுப் பட்டு அவன் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருந்தது. பழைய பட்டறைக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். இளமையில் இன்னஸ் மதுக்கடையில் ஒரு சணல் கயிற்றை ஒரு மூக்குத் துளையில் விட்டு மற்றொன்றில் இழுத்துக் காட்டி பீர் வாங்கிக் குடிப்பான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மோரக்கும் சிரித்திருக்கிறாள்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு கார் கட்டினார்கள். 1936ஆம் வருடத்து ஃபோர்ட் கூபே, இரண்டு கதவு வண்டி. ஒரு ஆட்டுப்பண்ணையின் வைக்கோல் கொட்டகையில் கோழிகள் அடை காக்கும் இடமாகக் கிடந்ததை வாங்கித் தங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். குளிர்காலத்தில் ஆலையில் வேலை குறையும் மாதங்களில் மோரக் அதன் கீழே படுத்துக் கிடப்பாள். கூரையைத் தாழ்த்தினாள். வண்டியின் அடிச்சட்டத்தை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தாள். முன் அச்சைத் தாழ்வானதாக மாற்றினாள். பெரிய இன்ஜினை வைத்தாள். வெட்டுவதும் ஒட்டுவதும் அவள் வேலை, மின்ன வைப்பது இன்னஸ் வேலை. பம்பர், விளக்குக் கிண்ணம், கதவுப் பிடி, முன் அச்சு, அச்சின் இரு முனைகளிலும் சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் கைகள் என்று இன்னஸ் கை படாத இடம் கிடையாது. கார் கிளப்பில் அந்த வண்டிக்கு 'கண்ணாடி' என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் கண்ணாடி சாலைக்கு வரவில்லை. இவ்வளவு வெட்டி ஒட்டிய வண்டியைப் பதிவு செய்ய வேண்டுமானால், மாற்றியமைத்த வண்டிகளைப் பார்க்கும் சான்றாளர் ஒருவர் வந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். சரி என்று பட்டால் தன் எண் பொறித்த சிறு தகடு ஒன்றை வண்டிக்குள் அறைந்து தருவார். அந்தத் தகடு இருந்தால்தான் நம்பர் பிளேட். இன்னஸுக்கு அந்தத் தகடு வேண்டும். வெறும் ஓட்டுவதற்காக அல்ல. இருபது வயதில் அவன் தானே கட்டிய ஒரு சின்ன ஃபோர்ட் பிரீஃபெக்ட் காரை கோர் ஊர் மெயின் ரோட்டில், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, இது சாலைக்குத் தகாத வண்டி என்று போலீஸ்காரர் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டார். அவன் விரும்பிக்கொண்டிருந்த பெண் எதிர்க்கடை வாசலில் நின்று பார்த்தாள். அதன் பிறகு அவன் பிரீஃபெக்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். அந்தப் பெண்ணிடமும் பேசவில்லை.

இலையுதிர் காலத்தில் அவனுக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் புற்று என்றார்கள், கல்லீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். இன்னஸ் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவன் மூக்கைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் ஊர் எல்லை வந்ததும் இன்னஸ் சொன்னான்.

"மோ, கண்ணாடிய முடிச்சுடு. தகடு வாங்கு. ஒரு தடவ ஓரெபுகி கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போ. மெயின் ரோடு வழியா. கோர்ல நின்னு போகணும்."

"கோர் எதுக்குடா? அது வேற திசையாச்சே."

"எனக்குத் திசை தெரியும்."

தன்னிடம் இதற்கு முன்போ பின்போ வேறு எதையும் அவன் கேட்டதாக மோரக்குக்கு நினைவில்லை. அன்றிலிருந்து ஆலை விட்டு வந்து இரவுச் சாப்பாடு வரை கொட்டகையில் இருப்பாள். இன்னஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருப்பான். உறைபனி தரையில் வெள்ளையாக விழுந்த ஒரு காலையில் சான்றாளர் வந்தார்.

செல்வின் ரேஹு முன்பு லாரி மெக்கானிக்காக இருந்தவர். பெரிய உடம்பு, மூக்கு நுனியில் சின்னக் கண்ணாடி. அக்கா தம்பி இருவரோடும் பல வருடப் பழக்கம்.

"முதல்ல வண்டியப் பாக்கவா, அந்த சீஸ் ரோலப் பாக்கவா?" என்றார் உள்ளே வந்ததும், சீஸ் வைத்துச் சுருட்டிச் சுட்ட ரொட்டித் தட்டைக் காட்டி.

"வண்டிய. பாஸானாத்தான் ரோல்" என்றாள் மோரக்.

"லஞ்சமா?"

"லஞ்சம்னா இன்னும் கொஞ்சம் வெண்ணெ தடவியிருப்பேன்."

சீட் பெல்ட் மாட்டிய இடங்களை இழுத்துப் பார்த்தார். பற்றவைப்புகளில் விரலை ஓட்டினார். பிரேக் குழாய் போகும் வழியைத் தொடர்ந்து போனார். "இந்த வெல்டிங்க யாரு போட்டது, நீயா? கத்தி புடிக்கிற கைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். மோரக் சீஸ் ரோல் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு அவர் முன்பக்கம் கீழே போனார். டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்து ஒரே இடத்தில் நின்றது. அப்படியே நின்றது.

"இன்னஸ்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "ஸ்டியரிங் கை ரெண்டும் குரோமா?"

"ஏன், உன் மூஞ்சி தெரியலையா அதுல?"

"தெரியுது. அதான்யா பிரச்சன."

செல்வின் வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். குரோம் போடும்போது அமிலத்திலிருந்தும் தொட்டியிலிருந்தும் ஹைட்ரஜன் வாயு இரும்புக்குள் புகுந்துவிடும். உடனே அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் சுட்டால் வெளியேறும். சுடாமல் விட்டால் உள்ளேயே தங்கி, வளைய வேண்டிய இரும்பை பிஸ்கட் போல ஒடிய வைத்துவிடும். பம்பரில் அப்படி ஆனால் பரவாயில்லை. ஸ்டியரிங் கை ஒடிந்தால் ஓட்டுகிறவன் என்னதான் திருப்பினாலும் அந்தச் சக்கரம் தன் போக்கில் போகும். இதெல்லாம் இன்னஸுக்குத் தெரியாததா? செல்வினுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தெரியும்.

"சுட்டியா?" என்று மட்டும் கேட்டார் செல்வின்.

"ஆயுசு பூரா முலாம் போட்டவன்கிட்ட சுட்டியான்னு கேக்குற. உங்கம்மாகிட்ட போய் சூப்புல உப்பு போட்டியான்னு கேளேன்."

"உப்பு இல்லன்னா சூப்புதான் கெடும். சுட்டியா?"

"சுட்டேன்டா!" இன்னஸுக்கு இருமல் வந்துவிட்டது. மோரக் போய் அவன் முதுகைப் பிடித்தாள். இருமல் அடங்கும் வரை செல்வின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுத்துல ஏதாவது இருக்கா? பட்டறை சீட்டு?"

"முதலாளிக்குத் தெரியாம செஞ்ச வேலைக்கு எவன் சீட்டு குடுப்பான்? பட்டறையும் போச்சு, முதலாளியும் மண்ணுக்குள்ள போயாச்சு."

"விரிசல் பாக்குற சோதன ஒன்னு இருக்குமே, செல்வின்?" என்றாள் மோரக்.

"இருக்கு. இருக்கிற விரிசலத்தான் அது காட்டும். இது உடையிற நிமிஷம் வரைக்கும் விரிசலே இல்லாம இருக்கும். நான் உன் தம்பிய நம்பலன்னு இல்ல, மோரக். ஆனா தகட்டுல இருக்கப்போறது என் நம்பர். எதிர்ல வர்ற வண்டில யாரோட பிள்ளைங்க உக்காந்திருக்கும்னு எனக்குத் தெரியாது. வேற கை வாங்கிப் போடு, அன்னைக்கே வந்து தகட்ட அடிக்கிறேன்."

வேறு கை கடல் தாண்டி வடக்குத் தீவிலிருந்து வர வேண்டும். செய்கிறவர் ஒருவர்தான், கைவசம் இல்லை, செய்து கொடுக்க ஒன்றரை மாதம் ஆகும். தட்டில் இருந்த சீஸ் ரோலைத் தொடாமலே செல்வின் கிளம்பினார்.

"எடுத்துட்டுப் போடா!" என்று இன்னஸ் பின்னாலிருந்து கத்தினான். "எலிக்கு வெக்க உதவும்!"

அன்று மாலை வீட்டுக்கு வந்த நர்ஸிடம் மோரக் சமையலறையில் வைத்துக் கேட்டாள். ஒன்றரை மாதம் இருப்பானா? நர்ஸ் கைப்பையை மூடினாள். "வேற ஏதாவது செய்யணும்னு இருந்தா இப்பவே செஞ்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேறு வழியை இன்னஸே சொன்னான். டுனீடின் நகரத்தில் இன்னொரு சான்றாளர் இருக்கிறார், வண்டியை அவர் பார்த்ததில்லை. குரோமை அமிலத்தில் உரித்துவிட்டு, கறுப்பு பெயிண்ட் அடித்து மாட்டினால் சாதாரண இரும்புக் கை. அவருக்கு எப்படித் தெரியும்?

"கேட்டா?"

"என்ன கேப்பான்? இதுக்கு எப்பவாவது குரோம் போட்டிருந்ததான்னா? இல்லன்னு சொல்லு. ஒரு வார்த்த."

"நீ சுட்டது உண்மதானே, இன்னஸ்?"

"நீயுமா?"

மோரக் டுனீடினுக்குப் போன் செய்தாள். அவர் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். அவள் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். தம்பி சுட்டேன் என்கிறான். சீட்டு இல்லை, அவ்வளவுதான். சீட்டு இல்லாததற்காக ஒரு மனிதன் ஆசை நிறைவேறாமல் சாக வேண்டுமா? வண்டியின் முன்பக்கத்தைத் தாங்கிக் கட்டைகளில் ஏற்றி, இரண்டு ஸ்டியரிங் கைகளையும் கழற்றினாள். கொட்டகைக்குப் பின்னால் அமில வாளியை வைத்தாள். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்பதற்காக, கைகளைத் துணியில் சுற்றி இன்னஸின் படுக்கைக்கு எடுத்துப் போனாள்.

இன்னஸ் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டான். இடது பக்கத்துக் கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினான். மெலிந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

"இங்க பாரு, மோ. இந்த எடத்துல மேகம் மாதிரி மங்கலா ஒன்னு விழுந்திருந்துச்சு. எங்கன்னு சொல்லு பாக்கலாம்."

"ஒன்னும் தெரியல."

"தெரியாது! செல்வின் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடினாலும் தெரியாது. அடிப்பக்கம்தானே, எவன் பாக்கப்போறான்னு எல்லாரும் விட்டுடுவானுங்க. நான் உரிச்சு எறிஞ்சுட்டு, ஞாயித்துக்கிழம போய் மறுபடி முக்கி எடுத்தேன். என் வேலைல மேகம் நிக்காது."

மோரக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழம பட்டறைல அடுப்பு ஓடுமா?"

இன்னஸின் விரல் நின்றது.

"ஞாயித்துக்கிழம அடுப்பு போட்டா கரண்ட் பில்லுல முதலாளிக் கிழவனுக்குத் தெரிஞ்சுடும்" என்று எத்தனையோ தடவை அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான். அந்த அடுப்பு ஒரு வீட்டை விழுங்கும் அளவுக்கு மின்சாரம் குடிக்கும்.

"வலது வெள்ளிக்கிழம சுட்டது. மத்த சாமானோட" என்றான்.

"இடது?"

"ஒரே ஒரு தடவதான், மோ. மெல்லிசா ஒரு முக்கு..."

"இடது, இன்னஸ்."

"சுடல."

வெளியே சாலையில் ஆட்டு லாரி ஒன்று போனது.

"எத்தன வண்டிக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றான் இன்னஸ் பிறகு. "ஒன்னாவது உடைஞ்சுதா? சொல்லு, ஒன்னாவது?"

"எல்லாம் ஞாயித்துக்கிழமையிலயா?"

அவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "மெதுவாப் போலாம். மாட்டு வண்டி வேகத்துல போலாம். நான் எப்படியும் சாகத்தானே போறேன்."

"நீ சாவ. எதிர்ல வர்றவன்?"

"ஓரெபுகி ரோட்டுல எதிர்ல எவன் வர்றான், காத்தும் கடல்பறவையும்தான் வரும். நீ பயந்தாங்கொள்ளி, மோ. உன்ன விட்டுட்டு ஓடினவன் தப்பே பண்ணல."

மோரக் ஸ்டியரிங் கைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். டுனீடின்காரருக்குப் போன் செய்து, வியாழக்கிழமை வர வேண்டாம் என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். வண்டி தயாரில்லை என்றாள். பின்பு வடக்குத் தீவுக்காரருக்குப் போன் செய்து, கொஞ்சம் சீக்கிரம் முடியுமா என்று கேட்டாள். அவர் முயற்சி செய்வதாகச் சொன்னார்.

இன்னஸ் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். அவள் கரண்டியால் ஊட்டும் சூப்பை வாங்கிக்கொள்வான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். நர்ஸிடம் பேசுவான், வானொலியில் ரக்பி கேட்டுத் திட்டுவான், அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் வெயில் கொஞ்சம் அடித்தது. மோரக் கேட்காமலே அவனைப் போர்வையோடு தூக்கினாள். ஆட்டைத் தூக்கிப் பழகிய தோளுக்கு அவன் கனமே இல்லை. கொட்டகைக்குக் கொண்டுபோய், கண்ணாடியின் ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்தாள். கதவுகளை அகலத் திறந்து வைத்து இன்ஜினைக் கிளப்பினாள். தரை அதிர்ந்தது. பின் சன்னலில் இருந்த தூசி எழுந்து ஆடியது.

இன்னஸ் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்தான். முன்னால் திறந்த கதவு வழியே சாலை தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினான். அது தடையே இல்லாமல் சுற்றியது. முன் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி அசையாமல் நின்றன. அவற்றைத் திருப்ப வேண்டிய கைகள் சமையலறை அலமாரியில் துணிக்குள் இருந்தன.

"எறக்கு" என்றான். பல நாள் கழித்து அவளிடம் அவன் பேசிய வார்த்தை அது. அதற்குப் பிறகு வேறு எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம், அவள் ஆலையில் சங்கிலி முன்னால் நின்றிருந்தபோது, நர்ஸ் பக்கத்தில் இருக்க, போய்விட்டான்.

சவ அடக்கத்துக்கு கிளப் முழுவதும் வந்தது. சவ வண்டிக்குப் பின்னால் பழைய கார்கள் வரிசையாக, மெதுவாகப் போயின. கண்ணாடி மட்டும் இல்லை. மோரக்கை கிளப்பின் பழைய உறுப்பினர் ரஸ்ஸல் பீட்டி தன் காரில் ஏற்றிக்கொண்டார். கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும் வளைவில் வரிசை திரும்பியபோது, வளைவுக்குக் கீழே பின்னால் வந்துகொண்டிருந்த கார்களின் முன் அச்சுகள் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் பட்டன. பனிக்கால வெயிலில் அச்சுகளின் முனைகள் மின்னின. ஒரு மேகம் கூட இல்லாத மினுக்கம். அது யார் வேலை என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரஸ்ஸல் ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பிக்கொண்டே, இன்னஸ் மூக்கில் கயிறு விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மோரக் இரண்டு கைகளாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

புதிய ஸ்டியரிங் கைகள் அதற்குப் பிறகு வந்தன. கறுப்பாக, சொரசொரப்பாக இருந்தன. அவள் மாட்டினாள். செல்வின் வந்து கீழே படுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து, தகட்டை எடுத்து இன்ஜின் அறைச் சுவரில் அறைந்தார். சுத்தியல் சத்தம் நின்றதும் மோரக் அலமாரியிலிருந்து துணி மூட்டையை எடுத்து வந்தாள்.

"எனக்கு இது தெரியணும், செல்வின்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற? உடையலன்னா தாங்குவியா?"

"தெரியாமதான் தாங்க முடியல."

வலது பக்கத்து ஸ்டியரிங் கையைப் பட்டறை இடுக்கியில் இறுக்கி, நுனியில் நீளமான குழாயை மாட்டி இழுத்தாள். குரோம் மெல்லிய கோடுகளாக வெடித்தது. இரும்பு மெதுவாக வளைந்தது, இன்னும் இழுக்க இன்னும் வளைந்தது, ஒடியவில்லை. வளைந்ததைக் கழற்றிக் கீழே வைத்தாள். இடது பக்கத்துக் கையை மாட்டினாள். குழாயில் பாதிப் பலம்கூட வைத்திருக்க மாட்டாள், 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். தட்டில் கரண்டி பட்டது போல அவ்வளவுதான். குழாயோடு அவள் பின்னால் போய் விழுந்தாள். இடுக்கியில் நின்ற துண்டின் உடைந்த வாய் சாம்பல் நிறத்தில் சர்க்கரை போல மினுமினுத்தது.

செல்வின் அவளைத் தூக்கி உட்கார வைத்தார். அவள் அழவில்லை. "அன்னைக்கே உடைஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"அன்னைக்கும் உடைஞ்சிருக்கலாம். பத்து வருஷம் கழிச்சும் உடைஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாது, மோரக். யாருக்கும் தெரியாது."

ஓரெபுகிக்கு அவள் ஒருமுறை போனாள். கோர் வழியாகத்தான் போனாள். அங்கே மெயின் ரோட்டில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, சனிக்கிழமையும் அல்ல. பிறகு கடற்கரைக்குப் போய்க் காற்றைப் பார்த்து வண்டியை நிறுத்தி, கொண்டுபோன சீஸ் ரோலைத் தின்றுவிட்டுத் திரும்பினாள். அதைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவே.

திரும்பி வந்த பிறகு ஒடிந்த துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, இன்னஸ் குரோம் போட்டுக் கொடுத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தாள். முதலில் ரஸ்ஸல் பீட்டி வீடு.

"உன் ஸ்டியரிங் கைக்கு வெள்ளிக்கிழம குரோம் போட்டதா, ஞாயித்துக்கிழம போட்டதான்னு ஞாபகம் இருக்கா, ரஸ்ஸல்?"

ரஸ்ஸல் ஒடிந்த துண்டைப் பார்த்தார், கையில் வாங்கவில்லை. "அவன் மேல போட்ட மண்ணு இன்னும் காயல, மோரக். கடைசி ஆசையா ஒரு தடவ வண்டில கூட்டிட்டுப் போன்னு கேட்டான். அதையும் நீ செய்யல. இப்ப ஊர் ஊராப் போய் அவன் வேல மட்டம்னு சொல்றியா?"

"வேல மட்டம் இல்ல. அதான் சொல்ல வர்றேன்..."

கதவு சாத்திக்கொண்டது. சில வீடுகளில் டீ கொடுத்துக் கேட்டார்கள். இரண்டு மூன்று பேர் அன்றே ஸ்டியரிங் கைகளைக் கழற்றி எறிந்தார்கள். செல்வின் சில நாள் கூடப் போனார். ஆனால் பலர் ரஸ்ஸல் மாதிரிதான். இன்னஸ் எல்லோருக்கும் வேண்டியவன், இலவசமாகச் செய்து கொடுத்தவன். கிளப் விருந்துக்கு அவளை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. நிறைய வண்டிகள் கை மாறி டுனீடினுக்கும், கிறைஸ்ட்சர்ச்சுக்கும், கடல் தாண்டியும் போய்விட்டன. அவை சட்டம் இறுகுவதற்கு முன்பே சாலைக்கு வந்தவை. வருடாவருடப் பரிசோதனையில் பிரேக்கையும் விளக்கையும் பார்ப்பார்கள், இதை யாரும் கேட்பதில்லை. இப்போது அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இன்னஸ் என்ற பெயரே தெரியாது. மோரக்கால் எத்தனை கதவைத் தட்ட முடியும்? அவளுக்கு மணிக்கட்டும் போய்விட்டது.

அன்று பெட்ரோல் பங்கில் அவள் கேட்டதற்கு இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. உடைத்துப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை என்றுதான் தோன்றுகிறது. அதனால் இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய கார் வைத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும், மோரக்குக்கும் அவள் தம்பிக்கும் நடந்ததைச் சொல்லுங்கள். வண்டியின் கீழே ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் கை கண்ணாடி போல மின்னினால், அதை யார் மின்ன வைத்தது, சுட்டார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டால் கழற்றிவிடச் சொல்லுங்கள்.